மன்றத்தில் பேசிய தூதர்கள், வாசலில் நின்ற தூதர்கள்

கேள்வி இது: பழைய கிரேக்க நகரங்களிலும் ரோமிலும் நிரந்தரத் தூதரகமோ வெளியுறவுத் துறையோ இருந்ததில்லை என்கிறார்கள். அப்படியானால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை எப்படி நடந்தது, தூதர்களுக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருந்தது?

இருந்ததில்லை என்பது சரிதான். ஏதென்ஸில் வெளிநாட்டு விவகாரத்துக்கென ஓர் அலுவலகம் கிடையாது, அதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு தூதரும் கிடையாது. வேறொரு நகரத்துடன் பேச வேண்டும் என்றால் மக்கள் அவை கூடும். மூன்று பேரையோ பத்துப் பேரையோ கைதூக்கித் தேர்ந்தெடுக்கும். அவர்கள் போவார்கள், பேசுவார்கள், திரும்பி வந்து அதே அவையில் நடந்ததைச் சொல்வார்கள். அத்துடன் தூது முடிந்தது. மறுநாள் அவர்கள் மற்றவர்களைப் போலக் குடிமக்கள்தான்.

ஆனால் ‘என்ன அதிகாரம்’ என்ற கேள்விக்குக் கிரேக்கத்துக்கும் ரோமுக்கும் சேர்த்து ஒரே விடை சொல்ல முடியாது. தூதர் பேசியதை யார் கேட்டார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஐந்நூறு ஆண்டுகளில் அந்தக் கேட்பவர் மாறிக்கொண்டே போனார். முதலில் ஆயிரக்கணக்கானோர் கூடிய திறந்தவெளி. பிறகு சில நூறு செனட்டர்கள் அமர்ந்த மண்டபம். கடைசியில் ஒற்றை மனிதர். அதற்கேற்பத் தூதரின் வேலையும் உருமாறிவிட்டது.

தொடக்கத்தில் ஒரு சிறு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். கிரேக்கர்களிடம் இருவகைச் செய்தியாளர்கள் இருந்தார்கள். ஒருவர் ‘கேரூக்ஸ்’. கையில் கோலேந்தி, போர்க்களத்திலும் தனியாக நடந்து போகக்கூடிய அறிவிப்பாளர். அவர் தெய்வக் காவலில் இருப்பவர், அவரைத் தொடக் கூடாது. மற்றவர்கள் ‘பிரெஸ்பெய்ஸ்’. அந்தச் சொல்லுக்கு ‘மூத்தவர்கள்’ என்று பொருள். பேரம் பேசுவதும் வாதாடுவதும் இவர்கள் வேலை. பாரசீக அரசன் டேரியஸ் கீழ்ப்படிதலின் அடையாளமாக மண்ணும் நீரும் கேட்டு அனுப்பிய அறிவிப்பாளர்களை ஏதென்ஸ் குழியிலும் ஸ்பார்ட்டா கிணற்றிலும் தள்ளின. ஸ்பார்ட்டர்களை அந்தப் பாவம் பல ஆண்டுகள் அரித்தது. பலிகள் நல்ல சகுனம் காட்டவில்லை என்று, ஸ்பெர்தியாஸ், பூலிஸ் என்ற இரண்டு குடிமக்களைப் பரிகாரமாகச் சாகும்படி பாரசீகத்துக்கே அனுப்பிவைத்தார்கள். ‘எல்லா மனிதருக்கும் பொதுவான நெறியை நீங்கள் மீறினீர்கள், நான் மீற மாட்டேன்’ என்று சொல்லி மன்னர் செர்க்சிஸ் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

தூதரகம் இல்லாத குறையை ஓரளவு ஈடுகட்டியது ‘புரோக்செனோஸ்’ என்ற ஏற்பாடு. ஏதென்ஸில் ஸ்பார்ட்டாவின் நலனைக் கவனிப்பவர் ஸ்பார்ட்டர் அல்லர், ஏதென்ஸின் குடிமகனே. வந்த தூதர்களுக்குத் தங்க இடம் தருவார், யாரைப் பார்த்தால் காரியம் நடக்கும் என்று சொல்வார். இன்று ஒரு நாடு வேறொரு நாட்டின் குடிமகனையே கௌரவத் தூதராக நியமிக்கிறதே, கிட்டத்தட்ட அதுபோல. தளபதி கீமோன் தன் மகனுக்கு ‘லகெடைமோனியோஸ்’, அதாவது ஸ்பார்ட்டன், என்றே பெயர் வைத்தார். அந்த உறவு குடும்பத்துக்குள் அவ்வளவு ஆழமாகப் போயிருந்தது.

இனி, திறந்த மன்றத்தில் ராஜதந்திரம் எப்படி நடந்தது என்பதற்கு ஒரு நாளை அருகில் போய்ப் பார்ப்போம். கி.மு. 420. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் சமாதானம் ஏற்பட்டு ஓராண்டு ஆகிறது, அது ஏற்கெனவே ஆட்டம் கண்டுவிட்டது. ஸ்பார்ட்டாவின் எதிரியான ஆர்கோஸ் நகரம் ஏதென்ஸுடன் கூட்டணி சேரக் காத்திருக்கிறது. அதைத் தடுக்க ஸ்பார்ட்டாவிலிருந்து மூன்று தூதர்கள் விரைந்து வருகிறார்கள். மக்கள் அவைக்கு முன்பே விவகாரங்களை ஆராயும் ஐந்நூற்றுவர் சபையில் அவர்கள், ‘எல்லாப் பிணக்குகளையும் தீர்த்து முடிக்க முழு அதிகாரத்துடன் வந்திருக்கிறோம்’ என்று சொல்கிறார்கள். இதை மக்கள் அவையிலும் சொல்லிவிட்டால் கூட்டம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும் என்று ஏதென்ஸின் அரசியல் தலைவர் ஆல்கிபியாடிஸுக்குப் புரிகிறது. ஆர்கோஸ் கூட்டணிக்காக உழைத்துக்கொண்டிருந்தவர் அவர். அவருடைய குடும்பம் ஒரு காலத்தில் ஸ்பார்ட்டாவின் புரோக்செனோஸ் பொறுப்பை வகித்ததும்கூட. அவர் தூதர்களைத் தனியே சந்தித்து, ‘முழு அதிகாரம் இருப்பதாக மக்களிடம் சொல்லாதீர்கள், பைலோஸைத் திருப்பித் தர நானே ஏற்பாடு செய்கிறேன்’ என்று, போரில் ஏதென்ஸ் பிடித்து வைத்திருந்த அந்த ஊரைக் காட்டி வாக்குக் கொடுக்கிறார்.

அவர்கள் நம்பிவிட்டார்கள். அவை கூடியதும் கேள்வி கேட்கப்படுகிறது. ‘முழு அதிகாரம் இல்லை’ என்கிறார்கள். நேற்று ஒன்று, இன்று ஒன்று. ஆல்கிபியாடிஸே எழுந்து அவர்களைப் பொய்யர்கள் என்று சாடுகிறார். கொதித்துப்போன மக்கள் அப்போதே ஆர்கோஸ்காரர்களை அழைத்து ஒப்பந்தம் செய்யத் தயாராகிறார்கள். அந்த நேரம் பார்த்து நிலம் அதிர்கிறது. நிலநடுக்கம் வந்ததால் அவை கலைந்து மறுநாளைக்குத் தள்ளிப்போகிறது. ஸ்பார்ட்டாவுடன் சமாதானத்தை விரும்பிய ஏதென்ஸ் தலைவர் நிக்கியாஸ் அந்த இடைவெளியில் ஸ்பார்ட்டாவுக்கு இன்னொரு தூது அனுப்ப வைக்கிறார். அது பலனின்றித் திரும்புகிறது, கூட்டணி கையெழுத்தாகிறது.

இதை வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் வாயிலாகப் படிக்கும்போது நான் கவனிப்பது ஆல்கிபியாடிஸின் தந்திரத்தை அல்ல. அந்த மூவரின் நிலையை. அவர்களிடம் முழு அதிகாரம் உண்மையிலேயே இருந்தது. ஆயினும், ஆயிரக்கணக்கான பேர் காதில் விழும்படி சொல்லப்படாத அதிகாரத்துக்கு ஏதென்ஸில் மதிப்பில்லை. அறைக்குள் உறுதி செய்த எதுவும் மன்றத்தில் மறுபடி பிறந்தாக வேண்டும்.

திரும்பி வந்த தூதருக்கு ஊரில் காத்திருந்தது பாராட்டு மட்டுமல்ல, தணிக்கையும்தான். கி.மு. 367இல் லியோன், திமகோராஸ் என்ற இருவரை ஏதென்ஸ் சூசா நகரிலிருந்த பாரசீக அரசவைக்கு அனுப்பியது. அதே சமயம் இன்னொரு கிரேக்க நகரமான தீப்ஸின் தூதராகப் பெலோபிடாஸும் அங்கே இருந்தார். பேரரசர் பெலோபிடாஸ் பக்கம் சாய்ந்தார். திரும்பி வந்ததும் லியோன் தன் சகாவின் மீதே குற்றம் சாட்டினார்: திமகோராஸ் தன்னுடன் ஒரே இடத்தில் தங்க மறுத்தார், பெலோபிடாஸுடன் கூடிப் பேசினார். புளூடார்க் இன்னும் விவரம் தருகிறார். பொன்னும் வெள்ளியும் போக, விலையுயர்ந்த கட்டிலும், அதை விரிக்கத் தெரிந்த பணியாளர்களும், பால் குடித்து உடல் தேற 80 பசுக்களும் அவற்றை மேய்க்க ஆட்களும் திமகோராஸுக்குப் பரிசாகக் கிடைத்தனவாம். கடற்கரை வரை பல்லக்கில் வந்தார், தூக்கியவர்களுக்கு நான்கு தாலந்து (வெள்ளி எடையில் எண்ணும் பெருந்தொகை) கூலியை அரசரே கொடுத்தார். ஏதென்ஸ் அவருக்கு மரண தண்டனை விதித்தது.

கி.மு. 346இல் மாசிடோனிய அரசர் பிலிப்பிடம் போன பத்துப் பேர் குழுவின் கதையும் இப்படித்தான் முடிந்தது. அவர்களுக்கு வழிச்செலவுக்குக் கிடைத்தது 1,000 திராக்மா என்ற வெள்ளி நாணயம். மாசிடோனியத் தலைநகர் பெல்லாவில் அரசர் முன் வயது வரிசையில் பேசினார்கள். இளையவரான டெமாஸ்தனிஸ் கடைசியாகப் பேச எழுந்து, சில வாக்கியங்களுக்குப் பிறகு தடுமாறி நின்றுவிட்டார் என்றும், ‘இது நாடக மேடை அல்ல, பயப்படாமல் நினைவுபடுத்திப் பேசுங்கள்’ என்று பிலிப் தேற்றினார் என்றும் அதே குழுவில் இருந்த எஸ்கினிஸ் சொல்கிறார். சொல்பவர் டெமாஸ்தனிஸின் பரம எதிரி என்பதை மறக்கக் கூடாது. சமாதானம் ஏற்கப்பட்டது. பிலிப்பிடம் சத்தியம் வாங்க அதே குழு மறுபடி போனது. பிலிப் திரேஸில் படையெடுப்பில் இருந்தார். அவர் இருக்கும் இடத்துக்கே கடல்வழியாகப் போயிருக்க வேண்டும், பெல்லாவில் உட்கார்ந்து காத்திருந்த நாட்களில் அவர் கோட்டைகளைப் பிடித்துக்கொண்டார் என்பது டெமாஸ்தனிஸின் குற்றச்சாட்டு. மூன்றாண்டு கழித்து, 343இல், அது வழக்காகவே வந்தது. சமாதானத்தை முன்மொழிந்த பிலோக்ராட்டிஸ் தீர்ப்புக்கு முன்பே ஊரைவிட்டு ஓடிவிட்டார். எஸ்கினிஸ் மயிரிழையில் தப்பினார்.

நாள்கணக்கில் விவாதித்து முடிவெடுக்கும் நகரம் ஒருபுறம், தனியாக நினைத்துத் தனியாகச் செய்யும் அரசர் மறுபுறம். இந்த வேகத்தில் ஏதென்ஸ் தோற்றது உண்மை. ஆயினும் நான் அந்த மன்றத்தின் பக்கம்தான். தூதர் என்ன பேசினார், என்ன வாங்கினார், எத்தனை நாள் தாமதித்தார் என்பதையெல்லாம் ஊர் கூடி விசாரித்ததால்தான் 2,300 ஆண்டுகளுக்குப் பின் நாமும் அதைத் தெரிந்துகொண்டிருக்கிறோம். பெல்லாவின் அரசவைக்குள் என்ன ஆலோசனை நடந்தது என்பதற்கு அப்படிப்பட்ட சாட்சியம் இல்லை.

ரோமுக்கு வருவோம். அங்கே வெளிநாட்டுத் தூதர்களைக் கேட்பது செனட். மன்றத்திடலில் அவர்கள் காத்து நிற்பதற்கென்றே ஒரு மேடை இருந்தது, ‘கிரைக்கோஸ்டாசிஸ்’ என்று பெயர். ‘கிரேக்கர் நிற்குமிடம்’ என்று தமிழில் சொல்லலாம். ரோமுடன் போரில் இருப்பவர்களின் தூதர்கள் நகர எல்லைக்குள்ளேயே வர முடியாது. வெளியே பெல்லோனா தெய்வத்தின் கோயிலில் செனட் அவர்களைச் சந்திக்கும். ரோமானியச் செனட்டின் முன் பேசுவதற்கும் கிரேக்க மன்றத்தில் பேசுவதற்கும் என்ன வேறுபாடு என்பதை ரோட்ஸ் தீவின் தூதர்கள் கி.மு. 168இல் கற்றுக்கொண்டார்கள்.

அப்போது ரோம் மாசிடோனிய அரசர் பெர்சியஸுடன் போரில் இருந்தது. வணிகம் கெடுகிறதே என்று கவலைப்பட்ட ரோட்ஸ், இருதரப்பையும் சமாதானப்படுத்தத் தூது அனுப்பியது. பிட்னா போரில் பெர்சியஸ் தோற்ற செய்தி ரோமுக்கு வந்து சேர்ந்த பிறகே செனட் அவர்களை உள்ளே அழைத்தது. கொண்டுவந்த உரை அந்த நொடியில் செல்லாக்காசாகிவிட்டது. ‘போரை நிறுத்தச் சொல்ல வந்தோம், அது நல்லபடியாக முடிந்துவிட்டது, வாழ்த்துகிறோம்’ என்று சொல்லிச் சமாளித்தார்கள். செனட் விடவில்லை. பெர்சியஸ் வென்றுகொண்டிருந்தபோது வராதவர்கள் அவர் தோற்கும் வேளையில் அவரைக் காப்பாற்றவே வந்தார்கள் என்று பதில் சொன்னது. ரோட்ஸ் மீது போர் தொடுக்கும் பேச்சுகூட எழுந்தது. மூத்த காட்டோ என்ற செனட்டர் அதை எதிர்த்துப் பேசினார். போர் தவிர்க்கப்பட்டது, தண்டனை தவிர்க்கப்படவில்லை. டெலோஸ் தீவு ஏதென்ஸிடம் ஒப்படைக்கப்பட்டுச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கப்பட்டது. ஆண்டுக்குப் பத்து லட்சம் திராக்மா வந்த ரோட்ஸின் துறைமுக வருவாய் 1,50,000 ஆகச் சுருங்கியதாக ரோட்ஸின் தூதர் செனட்டில் முறையிட்டதைப் பொலிபியஸ் பதிந்திருக்கிறார்.

அதே ஆண்டில்தான் பலரும் அறிந்த அந்த வட்டமும் வரையப்பட்டது. சிரியாவின் அரசர் நான்காம் அந்தியோக்கஸ் எகிப்தைப் பிடிக்கும் தறுவாயில் அலெக்சாந்திரியாவுக்கு வெளியே எலூசிஸ் என்ற இடத்தில் நிற்கிறார். ரோமின் தூதர் பொப்பிலியஸ் லைனாஸ் வருகிறார். ரோமில் பிணையாளாக வாழ்ந்திருந்த அரசர் நட்போடு கை நீட்டுகிறார். பொப்பிலியஸ் கையைப் பற்றவில்லை. செனட்டின் ஆணை எழுதிய பலகையை நீட்டி, ‘முதலில் இதைப் படியுங்கள்’ என்கிறார். படித்துவிட்டு, நண்பர்களுடன் கலந்து பேச அவகாசம் வேண்டும் என்கிறார் அரசர். பொப்பிலியஸ் கையிலிருந்த திராட்சைக் கொடித் தடியால் அவரைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம் போட்டு, ‘இதைவிட்டு வெளியே வருவதற்குள் பதில் சொல்லுங்கள்’ என்கிறார். அந்தியோக்கஸ் பணிகிறார். அதன் பிறகே கைகுலுக்கல்.

இதைத் தனிமனிதரின் துணிச்சல் கதையாகச் சொல்வது வழக்கம். நான் அப்படிப் பார்க்கவில்லை. பொப்பிலியஸ் வழியில் டெலோஸில் தங்கியிருந்தார், பிட்னாவின் செய்தி கிடைத்த பிறகே எகிப்துக்குப் புறப்பட்டார். ரோட்ஸ்காரர்களின் உரையைச் செல்லாததாக்கிய அதே வெற்றிதான் இவருடைய தடியில் இருந்தது.

அப்படி ஒரு வெற்றி பின்னால் இல்லாமல் ரோமின் வாசலில் நிற்பவர் என்ன செய்ய முடியும்? அதற்கு விடை ஒரு கல்வெட்டில் இருக்கிறது. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் கல்வெட்டே காரணம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் திரேஸ் கடற்கரையிலிருந்த அப்தேரா நகரத்தின் நிலத்தைத் தனக்குத் தரும்படி அண்டை அரசர் கோட்டிஸ் செனட்டிடம் கேட்டார். அப்தேரா தன் தாய்நகரான தியோஸின் உதவியை நாடியது. பாரசீகர் வந்தபோது தியோஸிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் குடியமர்த்திய ஊர் அது. நானூறு ஆண்டுகள் கழிந்தும் அந்த உறவு விட்டுப்போகவில்லை. தியோஸ் அமிமோன், மெகதிமோஸ் என்ற இருவரை ரோமுக்கு அனுப்பியது. பின்னர் அப்தேரா அவர்களைப் பாராட்டி இயற்றிய தீர்மானம் கல்லில் நிற்கிறது.

அதில் அவர்களுடைய பேச்சுத்திறனுக்கு முதலிடம் இல்லை. உடலும் உள்ளமும் வருந்தப் பாடுபட்டார்கள் என்கிறது கல்வெட்டு. ரோமின் பெரிய மனிதர்களைத் தினந்தோறும் போய்ப் பார்த்து, விடாமல் காத்திருந்து மனம் இளக்கினார்கள். கோட்டிஸுக்கு ஆதரவாக இருந்தவர்களையும் நிலைமையை விளக்கியும் நாள்தோறும் அவர்கள் வீட்டு முன்கூடத்துக்கு நடந்தும் தம் பக்கம் இழுத்தார்கள். அந்த முன்கூடத்துக்குக் கிரேக்கத்தில் பொருத்தமான சொல் இல்லாததால், ‘ஆட்ரியம்’ என்ற லத்தீன் சொல்லையே கிரேக்க எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். விடியற்காலையில் ரோமானியப் பிரபுக்களின் வீட்டு முன்கூடம் வணக்கம் சொல்ல வந்தவர்களால் நிறைந்திருக்கும். அந்தக் கூட்டத்தில், தங்கள் ஊருக்காகக்கூட அல்ல, தங்களிடமிருந்து பிரிந்துபோன ஊரின் வயல்களுக்காக இந்த இருவரும் நாள் தவறாமல் நின்றிருக்கிறார்கள். வட்டம் வரைந்த பொப்பிலியஸைவிட ராஜதந்திரம் என்ற சொல்லுக்கு இவர்களே அதிகம் உரியவர்கள் என்று நான் நினைக்கிறேன்.

பேச்சுக்கு முற்றிலும் இடமில்லாமல் போய்விடவில்லை. கி.மு. 155இல் ஏதென்ஸ், ஓரோபஸ் ஊரைக் கொள்ளையடித்ததற்காக விதிக்கப்பட்ட 500 தாலந்து அபராதத்தைக் குறைக்க, மூன்று தத்துவப் பள்ளிகளின் தலைவர்களைத் தூது அனுப்பியது: கார்னியாடிஸ், டயோஜெனிஸ், கிரிட்டோலாஸ். செனட்டில் அவர்களுக்கு காயஸ் அசிலியஸ் என்ற செனட்டர் மொழிபெயர்த்தார். காத்திருந்த நாட்களில் கார்னியாடிஸ் ஒரு நாள் நீதியை ஆதரித்தும் மறுநாள் எதிர்த்தும் சொற்பொழிவாற்ற, ரோமின் இளைஞர்கள் சொக்கிப்போனார்கள். ரோட்ஸுக்காகப் பேசிய அதே காட்டோ, இவர்கள் வேலையைச் சட்டென்று முடித்து ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று செனட்டை அவசரப்படுத்தினார். அபராதம் 100 தாலந்தாகக் குறைந்தது.

பேரரசர்கள் வந்த பிறகு செனட்டும் ஒதுங்கிவிடுகிறது. அகஸ்டஸைத் தேடி இந்தியாவிலிருந்தும் தூதுகள் வந்தன, அதை அவரே தம் சாதனைப் பட்டியலில் சொல்லிக்கொள்கிறார். அனுப்பிய அரசர் ‘பாண்டியோன், வேறு சிலர் சொல்வதன்படி போரஸ்’ என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். பாண்டிய மன்னர் என்று நாம் படிப்பது இந்த வரியைத்தான். அந்தியோக்கியாவில் இந்தியத் தூதர்களை நேரில் கண்ட டமாஸ்கஸ் நிகோலாஸ் சொன்னதாகவும் அவர் ஒரு செய்தி தருகிறார். கடிதத்தில் பலருடைய பெயர் இருந்தது, நெடும்பயணத்தில் மற்றவர்கள் இறந்துபோக, வந்து சேர்ந்தவர்கள் மூவர் மட்டுமே.

ஒற்றை மனிதர் கேட்பவராகிவிட்டால் என்ன ஆகும் என்பதை யூதத் தத்துவஞானி ஃபிலோ எழுதிவைத்திருக்கிறார். கி.பி. 38இல் அலெக்சாந்திரியாவில் யூதர்கள் மீது கொடிய வன்முறை நடந்தது. நீதி கேட்டு ஐந்து பேர் பேரரசர் காலிகுலாவிடம் போனார்கள், வயதில் முதிர்ந்த ஃபிலோ அவர்களில் ஒருவர். எதிர்த்தரப்புத் தூதர்களும் வந்திருந்தார்கள். பேரரசர் அவர்களை ஒரு தோட்ட மாளிகைக்கு வரச் சொன்னார். வீட்டைப் பழுதுபார்க்க உத்தரவிட்டபடி அறை அறையாக நடக்கிறார், இவர்கள் மாடிக்கும் கீழுக்குமாகப் பின்னாலேயே ஓடுகிறார்கள். திடீரென்று திரும்பி, ‘நீங்கள் ஏன் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை?’ என்கிறார். எதிர்த்தரப்பு வெடித்துச் சிரிக்கிறது. வழக்கைச் சொல்லத் தொடங்கினால் அடுத்த அறைக்குள் நுழைந்து ஜன்னல்களைப் பற்றி உத்தரவிடுகிறார். கடைசியில், ‘இவர்கள் கெட்டவர்களாகத் தெரியவில்லை, நான் கடவுள் என்று நம்பத் தெரியாத பரிதாபமானவர்கள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். செத்தவர்களைப் பற்றியும் இடிந்த வீடுகளைப் பற்றியும் அவர்கள் தயாரித்து வந்த வாதத்தை அன்று யாரும் முழுதாகக் கேட்கவில்லை.

ஆனாலும் நகரங்கள் பேரரசரிடம் தூது அனுப்பிக்கொண்டே இருந்தன. ஒரு குழுவில் மூவருக்கு மேல் கூடாது என்று வெஸ்பாசியன் ஆணையிட வேண்டியிருந்தது. கி.பி. 110ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆளுநராகப் போன பிளினி, பைசாந்தியம் நகரத்தின் கணக்கைப் புரட்டிப் பார்த்தார். ஆண்டுதோறும் பேரரசர் டிராஜனுக்கு வாழ்த்துத் தீர்மானத்தை எடுத்துச் செல்லும் ஒரு தூதருக்கு 12,000 செஸ்டெர்ஸ் என்ற ரோமானிய நாணயம் செலவாகியிருந்தது. பக்கத்து மாகாணமான மீசியாவின் ஆளுநருக்கு வணக்கம் சொல்லப் போகிறவருக்கு மேலும் 3,000. இரண்டையும் நிறுத்திவிட்டேன், தீர்மானத்தை மட்டும் அனுப்புகிறேன், சரிதானா என்று பிளினி எழுதிக் கேட்டார். சரியாகவே செய்தீர்கள், அந்தத் தீர்மானம் உங்கள் மூலமாக எனக்கு வந்து சேர்ந்தால் போதும் என்று டிராஜன் பதில் எழுதினார்.